சிவப்புக் கட்டம் வராத காலை

அலுவலகத்தில் அவனை எல்லோரும் வைத்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதுக் கணினிகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் இருந்தார்கள். தயாரித்தவர்களே கைகழுவிவிட்ட பழைய கணினிகள் எல்லாம் அவன் பங்கு. தொலைவில் எங்கெங்கோ இருக்கும் அவற்றின் திரைகளைத் தன் மேசையில் திறந்துவைத்துக்கொண்டு, எது தடுமாறுகிறது, எது நின்றுவிட்டது என்று பார்ப்பான். வயது நாற்பத்தாறு. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. சாப்பாடு கீழே. ஒருநாளில் அவன் பேசும் வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம் என்று அக்கா சொல்வாள்.

காலையில் அவன் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் மேசை ஃபோன் அடிக்கும்.

“வைத்தியரே, உங்க தண்ணி பேஷண்ட்,” என்பான் பக்கத்து இருக்கைக்காரன்.

தண்ணி பேஷண்ட் என்பது ஊருக்கு வெளியே இருந்த ஒரு நீரேற்று நிலையம். இரண்டு பம்புகள், மேட்டில் ஒரு பெரிய தொட்டி, கீழே ஓர் அறை. அறையில் ஒரு கணினி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவதும், பம்புகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுதான். அதற்கான மென்பொருள் பழைய கணினியில் மட்டுமே ஓடும். புதிதாக வாங்கித் தரும்படி நீர் வாரியத்திடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்டார்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் பதில் வந்தது.

அந்தக் கணினியில் ஓர் ஆன்டிவைரஸ் இருந்தது. அதை உருவாக்கிய நிறுவனம் என்றைக்கோ கடையைக் கட்டிவிட்டது. அது தெரியாமல் அந்த மென்பொருள் தினமும் காலையில் நிறுவனத்தின் பழைய இணைய முகவரிக்குப் போய், புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கும். பதில் வராது. உடனே திரையின் நட்டநடுவில், தொட்டியின் அளவை மறைத்துக்கொண்டு, ஒரு சிவப்புக் கட்டம் வந்து நிற்கும். ‘உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது.’ நிர்வாகியின் பாஸ்வேர்ட் போட்டால்தான் மறையும். சிவப்பு வந்தால் உதவி மையத்தைக் கூப்பிடவும் என்று அந்தக் கணினியின் மேல் ஒட்டியிருந்தார்கள். அவனுடைய அலுவலகம்தான் அந்த உதவி மையம்.

அவள் கூப்பிடுவாள். பகல் நேரத்தில் அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கூட வேறு ஆள் கிடையாது. காவலாளி இருந்தார், ஆனால் வெகுதூரத்தில், வாயில் கதவருகே.

“சார், வந்துடுச்சு.”

“ஒரு வணக்கம்கூட சொல்ல மாட்டீங்களா?”

“தினமும் வந்து நிக்கிற கடன்காரனுக்கு யாராவது வணக்கம் சொல்வாங்களா? முதல்ல அதை அனுப்புங்க.”

அவன் இங்கிருந்தபடியே அந்தத் திரையைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, ஆன்டிவைரஸை நிறுத்தி மறுபடி எழுப்புவான். பழைய இயந்திரம். எழுந்திருக்க அதற்கு வெகுநேரம் ஆகும். அதுவரை இருவரும் காத்திருக்க வேண்டும். ஃபோனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடலாம். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். பிறகு யாரும் வைக்கவில்லை.

பேசுவார்கள். பேசாமலும் இருப்பார்கள். அவன் காதில் பம்புகளின் உறுமல் சீராக விழுந்துகொண்டிருக்கும். இரண்டாவது பம்பின் குரல் சற்றுக் கனமானது. சில நாட்களில், கணினி எழுந்து தொட்டியின் அளவு தெரிய ஆரம்பிக்கும்வரை ஒரு சொல்கூட வராது. “சரி சார்” என்று அவள் வைக்கும்போது நிறையப் பேசிவிட்டதைப் போல இருக்கும்.

அவள் கணவனை இழந்தவள். கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

“ஏழு பேர் சார். ஒரே குளியலறை. நான் இல்லாத நாள்ல கியூ சீக்கிரம் நகருதுன்னு எங்க ஓரகத்தி சொல்றா.”

“சண்டை போட வேண்டியதுதானே?”

“சண்டை போடணும்னா யாராவது நம்மளைப் பார்க்கணும்ல? வீட்டுக்குள்ள நான் நடந்து போனா டிவி பார்க்கறவங்க கழுத்தைக்கூட திருப்ப மாட்டாங்க. கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி என் வழியாவே பார்த்துடுவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையத்தில் வேறொருவர் வேலை பார்த்தார். அலுவலகத்தில் அவனுக்கும் விடுமுறை. மாடி அறையின் சுவரில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு அக்கா மேலே வருவாள்.

“ஊர்ல எல்லாருக்கும் லீவு விட்டா சிரிப்பு வரும். உனக்கு மட்டும்தான்டா ஜுரம் வருது.”

“ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லாததுதான் உன் வியாதியே. சாப்பிடு.”

ஒரு திங்கட்கிழமை அவளிடம் கேட்டான். “நேத்து உங்க ஞாயிற்றுக்கிழமைக்காரர் எங்களைக் கூப்பிடவே இல்லையே, கட்டம் வரலையா?”

“வந்திருக்கும். அவர் அதைப் பிடிச்சு ஓரமா இழுத்து விட்டுட்டு வேலையைப் பார்ப்பார்.”

“ஓரமா இழுத்தா போகுமா?”

“போகும் சார். கொஞ்சம் தள்ளினா தொட்டி நல்லாத் தெரியும்.”

அன்று கணினி எழுந்திருக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. அல்லது அவன் அவசரப்படவில்லை.

அந்த ஆன்டிவைரஸை அடியோடு நீக்கிவிடலாம் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு மணி நேர வேலை. வாரியத்தின் கணினி ஒவ்வொன்றிலும் ஆன்டிவைரஸ் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆய்வுக்கு வருகிறவர் திரையின் ஓரத்தில் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். விதிவிலக்குக் கேட்டு மேலே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், கிடைத்துவிடும். செத்துப்போன ஆன்டிவைரஸ் வெறுமனே கிடக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். கணினியில் எதையும் திறக்கவும் மாற்றவும் அழிக்கவும் அதற்கு உரிமை உண்டு. காவல்காரனிடம்தானே எல்லாச் சாவியும் இருக்கும். அவனை யாராவது கைக்குள் போட்டுக்கொண்டால் பூட்டு உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

மின்னஞ்சலை எழுத ஆரம்பித்து, முடிக்காமல் வைத்திருந்தான்.

ஒருநாள் காலையில் ஃபோன் அடித்தது.

“சார், இன்னைக்கு அது வரல.”

“எது?”

“சிவப்பு. ஓரத்துல பச்சையா ஒரு டிக் இருக்கு. ‘உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது’ன்னு போட்டிருக்கு. நீங்க சரி பண்ணிட்டீங்களா?”

குரலில் சிரிப்பு இல்லை. சரி பண்ணிவிட்டீர்களா என்று கேட்ட விதத்தில் வேறு ஏதோ இருந்தது. அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. தனக்கென்று இருந்த ஒன்றை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் போல இருந்தது.

“நான் தொடலையே. ஒரு நிமிஷம்.”

ஃபோனை மூடிக்கொண்டு டீம் லீடரைப் பார்த்தான். அவனைவிடப் பத்து வயது சின்னவன், எப்போதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவன். “தண்ணி ஸ்டேஷன்ல யாராவது கை வெச்சாங்களா?”

“உங்க சொத்துல யார் சார் கை வைப்பாங்க?” என்றான் டீம் லீடர்.

மறுபடி ஃபோனை எடுத்தான். “இங்க யாரும் எதுவும் பண்ணல. நீங்க ஏதாவது...”

“நான் பண்ணல.” சற்று நிறுத்தினாள். “பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் சார். ஆனா நான் போடல.”

“தெரியுமா?”

“முதல் மாசமே தெரியும். நீங்க ஒருநாள் அவசரத்துல, கீழ் கட்டத்துல அடிக்கிறதுக்குப் பதிலா மேல பேர் போடற கட்டத்துல அடிச்சுட்டீங்க. புள்ளி புள்ளியா இல்லாம முழு எழுத்தும் என் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அப்புறம் அழிச்சுட்டீங்க.”

அவனுக்கு அந்த நாள் நினைவில்லை. அவள் வேலைக்கு வந்த முதல் மாதம் என்றால் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. ஆறு ஆண்டுகளாகத் தன் விரலாலேயே மூடியிருக்கக்கூடிய ஒன்றுக்காகக் காலையில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்க வேண்டும். அவளும் காத்திருந்தாள் என்று தோன்றியது. பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஸ்க்ரீனைத் திறக்கறேன்,” என்றான்.

திறந்தான். பச்சை டிக் அங்கே இருந்தது. ஆன்டிவைரஸ் தானாக எழுதிவைக்கும் பதிவுகளைப் பார்த்தான். இணைப்பு கிடைக்கவில்லை, இணைப்பு கிடைக்கவில்லை, இணைப்பு கிடைக்கவில்லை. கீழே போகப்போக அதே வரிதான். கடைசி வரி மட்டும் வேறு. ‘புதுப்பிப்பு பெறப்பட்டது.’

மூடிப்போன நிறுவனத்திடமிருந்து.

அந்த முகவரி இப்போது யாருடையது என்று வேறொரு திரையில் தேடினான். நிறுவனம் அதற்குப் பணம் கட்டுவதை நிறுத்தியபின் அது அநாதையாகக் கிடந்திருக்கிறது. அண்மையில் யாரோ வாங்கியிருக்கிறார்கள். பெயரை மறைத்து வாங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் வாசலில் உட்கார்ந்து, இன்னும் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். தட்டிய கணினிக்கு, இந்தா புதுசு, எடுத்துக்கொள் என்று எதையோ கொடுத்திருக்கிறார்கள். அதுவும் வாங்கிக்கொண்டு வந்து, இவ்வளவு காலத்துக்குப் பிறகு பதில் கிடைத்துவிட்ட திருப்தியில், பச்சைக் கொடி காட்டிவிட்டது.

அவள் திரையில் மவுஸின் அம்பு நகர்ந்தது.

“மவுஸைத் தொடறீங்களா?”

“இல்ல சார். ஒரு கையில ஃபோன், இன்னொரு கையில டம்ளர்.”

“நானும் தொடல.”

அம்பு மெதுவாகப் போயிற்று. புது வீட்டில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று பார்க்கிறவர்களைப் போல ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மூடியது. பிறகு பம்புகளின் பக்கத்தில் போய் நின்றது.

என்ன செய்ய வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கணினியை வலைப்பின்னலிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அதை இனி யாரும் திரும்பச் செருக விடமாட்டார்கள். வாரியம் விசாரிக்கும். நிலையம் வேறு ஏற்பாட்டுக்குப் போகும். காலை அழைப்பு இன்றோடு சரி. இவ்வளவும் அவன் மனதில் ஓடியது, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அந்த நேரத்தில் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த கனமான குரல் இறங்கி, இழுத்து, அடங்கியது.

“ரெண்டாவது நின்னுடுச்சு,” என்றாள்.

“பின்னாடி ஒரு நீல வயர் இருக்கும். பிடுங்குங்க.”

“அதைப் பிடுங்கினா நீங்களும் போயிடுவீங்களே சார்?”

“ஸ்க்ரீன்லேருந்து போயிடுவேன். ஃபோன்ல இருப்பேன். பிடுங்குங்க.”

டம்ளரை வைக்கும் சத்தம். மேசையை இழுக்கும் சத்தம். எதுவோ கீழே விழுந்தது. “கைக்கு எட்ட மாட்டேங்குது... இருங்க...” அதற்குள் முதல் பம்பும் அடங்கியது. அவன் மேசையிலிருந்த அவளுடைய திரை அப்படியே உறைந்தது. பிறகு கறுப்பானது.

“பிடுங்கிட்டேன்.”

“பம்பு?”

“அதுக்கு உங்க கம்ப்யூட்டர் எதுக்கு? சுவத்துல சுவிட்ச் பெட்டி இருக்கு. கையால போடறேன்.” செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. திரும்பி வருவதற்குள் முதல் பம்பு உறும ஆரம்பித்தது. பிறகு கனமானதும் சேர்ந்துகொண்டது. “போட்டாச்சு. மேட்டுத் தெருக்காரங்களுக்குக் கொஞ்ச நேரம் குழாய்ல காத்து வந்திருக்கும், அவ்வளவுதான். இப்ப நான் என்ன பண்ணணும்?”

“கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. தொட்டி அளவை மேல ஏறிப் போய்த்தான் பார்க்கணும்.”

“பார்த்துக்கறேன்.”

கறுத்த திரையில் அவன் முகம் தெரிந்தது. ஃபோனில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இனி இங்கே எழுந்திருக்க வேண்டியது எதுவும் இல்லை. காத்திருக்கக் காரணமும் இல்லை. ஆனாலும் இருவரும் இருந்தார்கள். டீம் லீடர் வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றபோது அவள்தான் சொன்னாள்.

“சரி சார்.”

விசாரணை அவன் அலுவலகத்திலேயே நடந்தது. வாரியத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். விசாரணை அறைக்கு வெளியே நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். அவன் முதலில் வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கக்கூடிய ஒரு பெண் படியேறி வந்தாள். மெலிந்த உருவம், தோளில் துணிப்பை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வரவேற்பு மேசையில் கேட்டாள்.

“இங்கதானா, தண்ணி விஷயமா வரச் சொன்னது?”

அவன் எழுந்து நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மேலும் கீழுமாகப் பார்த்தாள். “ஃபோன்ல நீங்க இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தீங்க.”

“உட்கார்ந்தே பேசிப் பேசிக் குறைஞ்சுட்டேன்,” என்றான்.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார்கள். ஃபோனில் எத்தனையோ முறை பேசாமல் இருந்திருக்கிறார்கள். அது வேறு. இங்கே கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களை அவன் இன்றுதான் பார்க்கிறான்.

“பாஸ்வேர்ட் தெரியும்னு உள்ள சொல்லாதீங்க,” என்றான் தாழ்ந்த குரலில்.

“ஏன்? அது வழியாவா வந்தான்?”

“இல்ல. ஆன்டிவைரஸ் வழியா வந்தான். பாஸ்வேர்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்ப எதுக்கு மறைக்கணும்?”

“தெரியும்னு சொன்னா எல்லாத்தையும் உங்க தலையில கட்டிட்டு அவங்க கையைக் கழுவிடுவாங்க.”

“இந்தத் தலையில கட்டாதது இன்னும் என்ன இருக்கு,” என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பேசுவது கேட்டது. சிவப்புக் கட்டம், பச்சை டிக், நீல வயர் எல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு ஓர் அதிகாரி கேட்டார்.

“பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தெரியும்.”

“தெரியுமா? எப்பலேருந்து?”

“வேலைக்கு வந்த முதல் மாசத்துலேருந்து.”

நாற்காலி நகரும் சத்தம். “தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் இவங்களைக் கூப்பிட்டீங்க? நீங்களே மூடியிருக்கலாமே?”

“சிவப்பு வந்தா கூப்பிடணும்னு ஒட்டியிருக்கு சார். வந்துச்சு, கூப்பிட்டேன். அதை மூடறது அவர் வேலை. என் வேலை தண்ணி.”

யாரோ சிரித்தார்கள். டீம் லீடராக இருக்க வேண்டும். வெளியே அவன் சிரிக்கவில்லை. அதை உண்மையாகவே சொன்னாளா, வேறு எதையாவது மறைக்கச் சொன்னாளா? ஃபோனில் என்றால் அந்தக் குரலை வைத்துச் சொல்லிவிடுவான். கதவிடுக்கு வழியாக வந்த குரலில் எதுவும் தெரியவில்லை.

அவள் வெளியே வந்தாள். அவன் உள்ளே போனான்.

மூத்த அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “பாஸ்வேர்ட் வெளியில போயிருக்கு. அங்கதான் ஆரம்பிச்சிருக்கணும், இல்லையா?”

“இல்ல சார்.” ஆன்டிவைரஸின் பழைய முகவரி கைமாறியதை விளக்கினான். பாஸ்வேர்டே தேவைப்படவில்லை என்றான். அவர்கள் அரைமனதோடு தலையாட்டினார்கள்.

“அப்படின்னா அந்த சாஃப்ட்வேரை எடுத்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காது?”

“நடந்திருக்காது.”

“எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம்.”

“ஆறு வருஷமா ஏன் எடுக்கல?”

சொல்லிக்கொள்ள ஒரு காரணம் அவனிடம் தயாராக இருந்தது. ஆன்டிவைரஸும் பம்பு மென்பொருளும் சில கோப்புகளைப் பொதுவாக வைத்திருக்கின்றன, ஒன்றை எடுத்தால் மற்றொன்று விழுந்துவிடலாம். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். டீம் லீடர்கூட அதைத்தான் எதிர்பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அதைச் சொன்னால் யார் மேலும் குற்றம் இல்லை என்று ஆகிவிடும். யார் மேலும் இல்லை என்றால் அவர்களுடைய விரல் மறுபடி பாஸ்வேர்டுக்குத்தான் போகும்.

“எடுத்திருக்கணும். எடுக்கல. என் தப்பு.”

“அதான் ஏன்னு கேட்கறேன்.”

அவன் பதில் சொல்லவில்லை. அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். இவ்வளவு நேரம் யாரும் தன் முன்னால் பேசாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை போலிருந்தது. கடைசியில் அவரே, “அலட்சியம்னு எழுதிக்கறேன்,” என்றார்.

“எழுதிக்கோங்க சார்.”

முடிவை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். அவனுக்கு எழுத்துமூலமாக எச்சரிக்கை. அதே ஆன்டிவைரஸ் இருக்கும் மற்ற நிலையங்கள் எல்லாவற்றிலும் உடனடியாக அதை அவனே நீக்க வேண்டும். அந்த நிலையத்தைப் புது இயந்திரம் வைத்துத் தலைமை அலுவலகத்திலிருந்தே கவனித்துக்கொள்வார்கள், அங்கே ஆள் தேவையில்லை. அவளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுகிறார்கள். தண்டனை இல்லை, இடமாற்றம்தான் என்று அவளிடம் சொல்ல டீம் லீடர் முன்னால் வெளியே போனான்.

அவன் வெளியே வந்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. படியிறங்கிப் போனான். எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“பஸ் வர நேரமாகுமாம்,” என்றாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒரு பேப்பர் தருவாங்க. உங்களுக்கு?”

“பெரிய ஆபீஸ். ஒரு ரூம்ல இருபது பேராம்.”

“நல்லதுதானே. பேச ஆள் கிடைக்கும்.”

அவள் சாலையைப் பார்த்தாள். “வீட்டுலயும் ஏழு பேர் இருக்காங்க,” என்றாள்.

ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. இதைவிட்டால் இனிக் கேட்க இடம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. கேட்டான்.

“பாஸ்வேர்ட் தெரிஞ்சும் ஏன் கூப்பிட்டீங்க?”

அவள் உடனே திரும்பவில்லை. திரும்பியபோது முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை. கணக்குச் சரியா என்று பார்க்கிற பார்வை.

“ஒரு மணி நேர வேலைன்னு உள்ள சொன்னீங்களாமே. உங்க பையன், அந்த நின்னுக்கிட்டே இருக்கறவர், வெளிய வந்து சொன்னார். நீங்க ஏன் எடுக்கல?”

அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான், தானே ஏதாவது சொல்லிவிடுவோமா என்று. பேருந்து வந்து நின்று, கதவு திறந்தது. நடத்துநர் “ஏறுங்கம்மா, ஏறுங்க” என்று கத்தினார்.

“சரி சார்,” என்றாள்.

ஏறினாள். உள்ளே கூட்டம். சன்னலோரம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எந்தச் சன்னலிலும் அவள் முகம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவன் மற்ற நிலையங்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் அவனே ஃபோன் செய்ய வேண்டும். திரையைத் திறக்க அங்கிருப்பவர் சம்மதிக்க வேண்டும். நீக்கி முடித்து, கணினி மறுபடி எழும்வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். காலையில் மேசை ஃபோன் அடித்தபோதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்தான். வேறு யாராகவோ இருந்தது. அவன் எண் அவளுக்கு மனப்பாடம். தலைமை அலுவலகத்திலும் ஃபோன் இருக்கும்.

“வைத்தியரே, அந்த பேஷண்ட் குணமாயிடுச்சா?” என்று ஒருநாள் அந்தப் பக்கத்து இருக்கைக்காரன் கேட்டான்.

“ஆயிடுச்சு,” என்றான்.

கழிவுநீர் நிலையம் ஒன்றில் கரகரத்த குரலில் ஒருவர் பேசினார்.

“என்ன சார், எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம். நடுவுல நீங்க பக்கத்துல இருந்தா நல்லது.”

“இருக்கேன், இருக்கேன்.”

ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு அவர் எங்கோ போய்விட்டார். தூரத்தில் யாரோடோ பேசுவதும், சிரிப்பதும், கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நீக்கும் வேலையைச் செய்தான். சிவப்புக் கட்டம் போயிற்று. சின்னம் போயிற்று. கணினி அணைந்து எழுந்தது. அளவுகள் தெரிந்தன, எதுவும் மறைக்காமல்.

அவர் திரும்பி வந்து ஃபோனை எடுத்தார். “அட, இன்னும் லைன்லயேவா இருக்கீங்க? முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது.”

“இனிமே இதுக்காக உங்களைக் கூப்பிட வேண்டியதில்லையே?”

“இல்ல. கூப்பிட வேண்டாம்.”

“அப்பாடா, ரொம்ப நல்லது,” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.